கிரைண்டர் பெல்ட் வாங்கப் போய்

கணபதி, கோவை
14-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மோகன்குமார் எழுதுவது. இங்கே நானும் லோகநாயகியும் சர்க்கரை மாத்திரை புண்ணியத்தில் சுகம். உடுமலையில் நீயும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். தோப்பில் காய்ப்பு எப்படி? உன் முழங்கால் வலி பரவாயில்லையா?

பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது என்று லோகநாயகி என்னை உக்கடத்துக்கு விரட்டினாள். பெல்ட் கடைக்கு அடுத்த கடையில், பழைய பூட்டு, அண்டா, தராசுத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு வாள் கிடந்தது. இரண்டரை அடி நீளம், லேசான வளைவு, பித்தளைப் பிடி, பிடியின் முனை கிளி மூக்கு மாதிரி மடிந்திருக்கும். கடைக்காரர் பெயர் அப்துல் மஜீத். நாற்பது வயது இருக்கும். "எங்க அத்தா காலத்துச் சாமானுங்க. கடையச் சின்னதாக்கறேன், அதான் எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டிருக்கறேன். புடிச்சா எடுத்துக்குங்க" என்றார். கையில் எடுத்தேன். திரும்ப வைக்க மனம் வரவில்லை. வாங்கிவிட்டேன்.

கோணிச் சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் "என்னங்ண்ணா அது?" என்று கேட்டார். ஸ்கிரீன் மாட்டும் கம்பி என்று சொல்லிவைத்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் பெல்ட் வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. லோகநாயகி வாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, மாவை இதுலயே ஆட்டிக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நம் குலசாமி வாள் மாதிரியே இருக்கிறது, அக்கா. அதுதான் என்று சொல்லவில்லை. அது காணாமல் போனதிலிருந்து பத்து வருடமாகச் சாமி முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத்தான் கும்பிடுகிறோம். வாள் வைத்திருந்த பெட்டி ஊர் வீட்டில் பூட்டியபடியே கிடக்கிறது. அந்த இடத்தில் இதை வைக்கலாமா என்று கேட்டேன், பங்காளிகளும் சரி என்றார்கள். ஆனால் சிவராத்திரிக்கு முதல் நாள் வாளை மஞ்சள் தண்ணீரில் கழுவ வீட்டில் பிறந்த பெண் வேண்டும். நம் வீட்டில் பிறந்த பெண் நீ ஒருத்திதான். வருகிற சிவராத்திரிக்கு நீயும் மச்சானும் வர வேண்டும்.

பழைய சங்கதி பற்றி ஒன்று. அன்று கோயிலில் நான் மச்சானைத் திருடன் என்று சொல்லவில்லை. "சாவி உங்ககிட்டத்தானுங்களே இருந்துச்சு" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதையும் மரியாதையாகத்தான் கேட்டேன்.

லோகநாயகி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புத் தம்பி,
மோகன்குமார்


உடுமலைப்பேட்டை
29-9-2025

மோகன்குமாருக்கு,

சாந்தாமணி எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். காய்ப்பு உண்டு. முழங்கால் அப்படியேதான்.

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

மரியாதையாகக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். நாற்பது பங்காளிகள் நடுவில் கேட்டாய். அப்பா தவறிய பிறகு ஒரு வருடம் அந்த வீட்டைத் திறந்து கூட்டி விளக்கு வைத்தவர் அவர். உனக்கு அப்போது பட்டறையில் வேலை ஒழியவில்லை. அதனால்தான் வீட்டுச் சாவியும் பெட்டிச் சாவியும் அவரிடம் இருந்தன. தீட்டு கழிந்து அடுத்த சிவராத்திரிக்கு அவர்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெறும் பட்டுத்துணி. நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். அவர் பதில் பேசாமல் பெட்டியை மறுபடி பூட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பதில் தெரியாமல் அல்ல. அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

கடையில் வாங்கிய வாளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற நான் வர வேண்டியதில்லை.

பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டாயா? லோகநாயகிக்குத் தோள்பட்டை வலி உண்டு. ஆட்டுக்கல்லில் உட்கார வைத்துவிடாதே.

சாந்தாமணி


கணபதி, கோவை
6-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டினாலும் உன் கையெழுத்து அழகுதான். இங்கே சுகம். பெல்ட் வாங்கிவிட்டேன். இந்த முறை லோகநாயகியும் கூடவே வந்தாள், நான் பீரங்கி ஏதாவது வாங்கிவிடுவேன் என்ற பயத்தில்.

ஆயுத பூஜைக்கு வாளை என் பட்டறையில் மோட்டார் காயில் சுற்றும் மிஷின் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்தேன். இப்போது பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. ஒன்று கவனித்தேன். இதன் பிடி அசையவே இல்லை. உள்ளே அரக்கு ஊற்றிக் கெட்டியாக இறுக்கியிருக்கிறார்கள். நம் வாளின் பிடி ஆடும், ஞாபகம் இருக்கிறதா? கையில் எடுக்கும்போதெல்லாம் அப்பா கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பங்காளிகளையும் வீட்டில் பிறந்த பெண்ணையும் தவிர வேறு கை படக் கூடாது என்பதால் கொல்லன் பட்டறைக்கும் கொடுக்க முடியாமல், ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டோம். ஆகவே இது நம்முடையது அல்ல என்று தீர்ந்துபோயிற்று.

நம்முடையது அல்ல என்றாலும் நீ வரலாமே. வயது எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. நீ இல்லாமல் கோயிலுக்குப் போய் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. லோகநாயகியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

மச்சானைக் கேட்டதாகச் சொல். சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடு.

தம்பி,
மோகன்குமார்


உடுமலைப்பேட்டை
15-10-2025

தம்பி மோகன்குமாருக்கு,

சுகம். இங்கே இரண்டு நாளாக மழை. உங்கள் பக்கம் எப்படி?

வாளின் பிடி ஆடும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். பன்னிரண்டு வயதிலிருந்து அதைக் கழுவியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகும் வருடம் தவறாமல் வந்து கழுவினேன்.

இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன், சிரிக்காதே. எனக்குப் பதினாலு வயது இருக்கும். சிவராத்திரிக்கு முதல் நாள், கிணற்றடியில் வாளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், தாகம். பக்கத்தில் இளநீர்க் குலை இறக்கிப் போட்டிருந்தார்கள். அரிவாளைத் தேடினேன், காணோம். சாமி வாளாலேயே ஒன்றைச் சீவிக் குடித்துவிட்டேன். இரண்டாவது வெட்டு கீழே கல்லில் பட்டு, பிடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, வாளின் வெட்டுவாயில் ஒரு பல் விழுந்து, இரும்பு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். அந்த வருடம் முழுக்கச் சாமி என்னை என்ன செய்யுமோ என்று பயந்து செத்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் மட்டும் மஞ்சளைத் தடிப்பாகப் பூசிக் கொடுப்பேன்.

அந்த இடத்தைப் பார்த்து எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

சாந்தாமணி


கணபதி, கோவை
18-10-2025

அக்காவுக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது. தீபாவளி நேரம், பட்டறையில் மோட்டார் குவிந்துகிடக்கிறது. வாள் பரண்மேல் இருக்கிறது. ஏணி கிடைத்ததும் ஏறிப் பார்த்து எழுதுகிறேன். இங்கேயும் மழை.

மோகன்


உடுமலைப்பேட்டை
20-11-2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் லோகநாயகியும் சுகமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதம் ஆகிவிட்டது. கோவை மாநகரத்தில் ஒரு ஏணி கிடைக்கவில்லையா? முதலில் பீரோவின் அடித்தட்டு என்று எழுதினாய். அடுத்த கடிதத்தில் அது பரணுக்கு ஏறிவிட்டது. சின்ன வயதிலும் பொய் சொன்னால் இப்படித்தான் இடத்தை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்வாய்.

வாளின் வாயில் பல் விழுந்திருக்கிறது, அப்படித்தானே? மச்சான் அப்போது விற்றதுதான் இப்போது உக்கடத்தில் கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறாய். அதை எழுதத்தான் கை வரவில்லை. எழுதிவிடு. ஒரு தடவை கேட்டுத் தாங்கிக்கொண்டவள்தானே நான்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. பத்து வருடமாக அவர் நம் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது மாதிரி அவருக்குத் தோன்றுகிறதாம். "நீ போயிட்டு வா அம்மணி, எனக்குத் தோப்புல வேலை இருக்குது" என்பார். நானும் போவதில்லை. மொய்க் கவரை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம்.

பதில் போடு.

அக்கா,
சாந்தாமணி


கணபதி, கோவை
2-12-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். மனசு சுகமில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். நாலு விரற்கடை தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவு. வாள் பீரோவிலேயேதான் இருந்தது, பரணில் இல்லை. நீ நினைத்தது சரி. மச்சான்தான் விற்றிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைக்க மாட்டேன். அதை மஜீத் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு முறை உக்கடம் வரை போய், குளக்கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகுதான் கடைக்குள் போனேன்.

வாளைக் கையில் கொடுத்ததும் மஜீத் பிடியைத்தான் பார்த்தார், கூர்மையைப் பார்க்கவில்லை. "இந்த அரக்கு வேலை எங்க அத்தா கையிதுங்க. அப்படின்னா இது அவரு வெலைக்கு வாங்குனது இல்லீங்க. ரிப்பேருக்கு வந்தது" என்றார். அவருடைய அப்பா ஷேக் பரீத் பூட்டு, பித்தளை வேலை எல்லாம் செய்தவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாதாம். அதனால் பொருளைக் கொடுப்பவர்களையே ஒரு அட்டையில் எழுதச் சொல்லி அதில் கட்டித் தொங்கவிடுவாராம். வாங்க வராத பொருள் எத்தனை வருடம் ஆனாலும் விற்க மாட்டாராம். கடையை ஒதுக்கும்போது கழன்று விழுந்த அட்டைகளை மஜீத் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். இரண்டு பேரும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டீ இரண்டு முறை வந்தது.

அப்பா கையெழுத்தை நான்தான் எடுத்தேன், அக்கா. அந்தச் சாய்வான எழுத்து. "வாள் ஒன்று. பிடி ஆட்டம். சிவராத்திரிக்கு முந்தி வேண்டும். வெளியே தெரிய வேண்டாம். காளிச்சாமி." தேதி 11-1-2014. அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் அப்பா போய்விட்டார்.

யாரும் திருடவில்லை. வெளிக்கை படக் கூடாது என்று நமக்கெல்லாம் சொன்ன மனிதர், பிடி கழன்று சாமி முன்னால் விழுந்துவிடுமோ என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நான் மச்சானைப் பிடித்துக்கொண்டேன்.

மஜீத் என் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அடுத்தவங்க பொருளத் தெரியாம வித்துப்போட்டேனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. அத்தாவோட கூலிய மட்டும் குடுங்க" என்றார். கொடுத்தேன்.

மச்சானிடம் இதைச் சொல். நான் சொன்னது தப்பு. மரியாதையாகச் சொன்னது இன்னும் பெரிய தப்பு. சண்டைக்கு வந்திருந்தால் அவரும் திருப்பிச் சண்டை போட்டிருப்பார்.

தம்பி,
மோகன்


உடுமலைப்பேட்டை
20-12-2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ மாத்திரையை ஒழுங்காகப் போடு.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. மாறாக நானும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்கு முதலிலேயே தெரியும். அப்பாவை வண்டியில் உட்கார வைத்து உக்கடத்துக்குக் கூட்டிப்போனவரே அவர்தான். கூட வர வேண்டாம் என்று அவரைக் குளக்கரையில் நிறுத்திவிட்டு, அப்பா மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். எந்தக் கடை என்று இவருக்குத் தெரியாது. அப்பா போன பிறகு எத்தனையோ தடவை போய்க் கேட்டுப் பார்த்தார். ஒரு பித்தளைக்கடை மட்டும் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்ததாம். கடைக்காரர் கால் முறிந்து பாலக்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னார்களாம். அதற்குள் சிவராத்திரி வந்துவிட்டது, நீயும் கேட்டுவிட்டாய். அதோடு மனம் விட்டுப்போய் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "நீங்களே போய்ப் பங்காளிகளிடம் சொல்லுங்கள்" என்று அழுதேன். "உங்கப்பன் சாமி வாளை உக்கடத்துக்குக் கொண்டுபோனாருன்னு சொன்னா, வித்துப்போட்டாருன்னுதான் நாளைக்கு ஊரு பேசும். செத்தவரு வந்து பதில் சொல்லுவாரா? நான் உசுரோட இருக்கறேன், தாங்கிக்குவேன்" என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பத்து வருடம் உன்மேல் கோபமாக இருந்தது பாதி. சத்தியத்தை உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் உன்னிடம் பேசாமல் இருந்தது மீதி.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "வாளு கெடைச்சுருச்சா, செரி" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். சாப்பிட வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த அட்டையில வேற ஏதாச்சும் எழுதியிருந்துச்சான்னு உன் தம்பியக் கேளு" என்றார்.

இருந்ததா?

அக்கா,
சாந்தாமணி


கணபதி, கோவை
5-1-2026

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இரண்டு பேருக்கும் என் வணக்கம். லோகநாயகி உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மற்றபடி சுகம்.

இருந்தது. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். அட்டையின் பின்பக்கம் ஒரு வரி இருக்கிறது. "நான் வராவிட்டால் என் மருமகன் மாரப்பன் கையில் கொடுக்கவும்."

கடையில் அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. பெற்ற மகன் இருபது மைல் தூரத்தில் இருக்கும்போது அப்பா மருமகன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கணக்குச் சரிதான் என்று பிறகு புரிந்தது. எனக்கு அன்று பட்டறையை விட்டு வர நேரம் இருந்திருக்காது. வந்திருந்தாலும் அப்பா சொன்ன ரகசியத்தை மூன்று நாள் காப்பாற்றியிருக்க மாட்டேன். மச்சான் பத்து வருடம் காப்பாற்றினார்.

அட்டையை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அது மச்சானுக்கு எழுதியது. அவரிடம்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி பதினைந்து சிவராத்திரி. நான் அந்த வார்த்தையைச் சொன்ன அதே இடத்தில் நின்று, அதே பங்காளிகள் முன்னால் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அப்பா செய்ததையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பெரிய பங்காளிகள் இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர், "காளிச்சாமி அண்ணன் செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்குமப்பா" என்றார். அன்றைக்கு வாளைச் சாமி முன்னால் எடுத்து வைப்பது மச்சான். வெளிக்கை என்று யாராவது முனகினால், அப்பா எழுதிக் கொடுத்த கை அது என்று சொல்லிவிடுகிறேன்.

பெட்டி இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. உடைத்துவிடலாம் என்கிறார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

நீங்கள் வராவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

தம்பி,
மோகன்குமார்


உடுமலைப்பேட்டை
2-2-2026

மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு,

மாரப்பன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். உங்கள் சுகமும் தங்கச்சி லோகநாயகி சுகமும் தெரிந்துகொண்டேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதற்கு முன் மூன்று எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம்.

அட்டை வந்து சேர்ந்தது. மாமா எழுத்துதான். அன்று திரும்பி வரும்போது வண்டியில் என் தோளைத் தட்டி, "உம்பேரையும் எழுதியிருக்கறேன் மாப்ள" என்று சொன்னார். அதற்குச் சாட்சி யாரும் இல்லை. நாளாக ஆக, அப்படிச் சொன்னாரா, நானே நினைத்துக்கொண்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்போது இல்லை. அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வியர்வையில் அழிந்துவிடும் என்று உங்கள் அக்கா பிடுங்கி லேமினேஷன் போட்டுவிட்டாள்.

கோயிலில் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன். நான்கு நாள் யோசித்தேன். சொல்லுங்கள். எனக்கும் அதைக் காதால் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

பதினாலாம் தேதி காலையிலேயே ஊர் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். உங்கள் அக்கா இப்போதே மஞ்சள் கிழங்கை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள். இளநீர் இரண்டு குலை கொண்டுவருகிறேன். அரிவாளும் கொண்டுவருகிறேன். அவளை நம்ப முடியாது.

அந்த மஜீத் தம்பியையும் வரச் சொல்லுங்கள். அவருடைய அத்தா கடையைத் தேடி நான் ரொம்ப நடந்திருக்கிறேன்.

பெட்டியை உடைக்க விடாதீர்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது. துருப் பிடிக்காமல் இருக்க வருடா வருடம் சிவராத்திரி அன்று எண்ணெய் போட்டு வைத்தேன். கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மாரப்பன்